ஹைஸ்கூலை மூடியது யார்?

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். அப்பா படித்த போர்டு ஹைஸ்கூல் (அந்தக் கால ஜில்லா போர்டு நடத்திய பள்ளி) இப்போது இல்லை. ஓடு சரிந்த கட்டடம் மட்டும் நிற்கிறது. ராஜாஜி மூடிவிட்டார் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அதன் வரலாற்றை எழுத ஆசை. அங்கே படித்துப் பெரிய பதவிக்குப் போனவர்களின் பட்டியலைத் தயாரித்து வருகிறேன். சரியான வழிதானா?

க., பெங்களூர்

அன்புள்ள க.,

ராஜாஜியை முதலில் விட்டுவிடுங்கள். 1953-ல் அவர் கொண்டுவந்தது தொடக்கக் கல்வித் திட்டம்: கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில். குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பியது, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ஹைஸ்கூல் அதற்குள் வரவே இல்லை. தொரப்பள்ளிக்காரர், நம்ம மாவட்டம், அதனால் பழியையும் உரிமையோடு அவர் தலையில் கட்டிவிடுகிறோம் போலிருக்கிறது.

எனக்கு வேறு சந்தேகம். பள்ளி மூடப்பட்டதா, இல்லை பெயரும் இடமும் மாறிப் போனதா? 1978-ல் பிளஸ் டூ வந்தபோது, பதினோராம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. பல ஹைஸ்கூல்கள் மேல்நிலைப் பள்ளிகளாயின. புதுக் கட்டடத்துக்குப் போன பள்ளியை, பழைய கட்டடத்தைப் பார்த்துவிட்டு 'மூடிட்டாங்க' என்று சொல்வது சகஜம்.

அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வீட்டில் இருக்கிறதா? பிறந்த தேதி, அங்க அடையாளம், மதிப்பெண் எல்லாம் இருக்கும் அந்தப் புத்தகத்தில் பள்ளியின் பெயரும் தலைமையாசிரியர் கையெழுத்தும் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். பள்ளி வேறொன்றோடு இணைந்திருந்தால் சேர்க்கைப் பதிவேடும் அங்கே போயிருக்கும். அலுவலகக் காகிதங்களுக்குத்தான் அலைய வேண்டும். கிருஷ்ணகிரி 1965 வரை சேலம் மாவட்டம், அப்புறம் 2004 வரை தர்மபுரி மாவட்டம். ஒரே பள்ளியின் கோப்பு மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கலாம். வாய்வார்த்தையாகக் கேட்டால் 'இல்லை' என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள்.

பெரிய பதவிப் பட்டியல் எனக்கு உவப்பாக இல்லை. கலெக்டரானவர் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் அவர் பெயர் எங்காவது பதிவாகியிருக்கும். 2011 கணக்கெடுப்பில்கூட தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரிதான், 68.54 சதவீதம். நம் பகுதியில் ஒரு ஹைஸ்கூலின் கதை பாதியில் நின்றவர்களின் கதையும்தான். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் நீக்கிய தேதியைப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தார்கள்? எந்த மாதத்தில் அதிகம் பேர் நின்றார்கள்? அது அறுவடைக் காலமா? நின்றவர்களில் இப்போதும் ஊரில் இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அச்சில் போடும்போது பெயர் வேண்டாம், அவர்கள் சம்மதித்தால் ஒழிய.

பதிவேடு பார்க்கத் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வரும் மே மாதத்தில் மட்டும் போகாதீர்கள், டி.சி. எழுதும் வேலையில் உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.