வலீரியாவின் எழுச்சியும் ரோமின் எழுச்சியும் ஒன்றா?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' உலகத்தில் டிராகன்களை வைத்து வளர்ந்த பழைய வல்லரசான வலீரியா அப்படியே ரோம்தானே, இரண்டும் ஒரே மாதிரிதானே வளர்ந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரைப் பார்த்து முடித்த சூட்டில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதே சூட்டில் இதைப் பலரிடம் அடித்துச் சொன்னவன்.

அப்போது நான் நம்பியிருந்த பெரிய ஆதாரம் உப்பு. தொடருக்கு மூலமான மார்ட்டினின் நாவலில் வலீரியர்கள் தங்கள் எதிரியான பழைய கிஸ் நகரத்தை ஐந்தாவது போரில் தரைமட்டமாக்கி, மண்ணில் உப்பைத் தூவுகிறார்கள். ரோமும் தன் எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜோடு நடத்திய மூன்றாவது போரில், கி.மு. 146-இல், அதை அழித்து உப்பைத் தூவியது என்றேன். "இதை எந்தப் பழைய ஆசிரியர் எழுதியிருக்கிறார்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். இரண்டு வாரம் தேடினேன். நகரம் எரிந்தபோது ரோமானியத் தளபதி சிப்பியோவின் பக்கத்திலேயே நின்றவர் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். அவர் எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் பகுதிகளில் உப்பு இல்லை. அந்த அழிவை விரிவாகச் சொல்லும் இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் அப்பியனிடமும் இல்லை. பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை அது. அவளிடமே போய், நீ கேட்டதுதான் சரி என்று சொன்னேன்.

அந்தத் தேடலில்தான் ரோமின் கப்பல் கதை கண்ணில் பட்டது. கி.மு. 264-இல் கார்த்தேஜுடன் முதல் போர் தொடங்கியபோது ரோமிடம் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லை. கையில் சிக்கிய ஒரு கார்த்தேஜ் கப்பலைப் பார்த்துக் கட்டினார்கள். 255-இல் புயலில் பெரும்பகுதி போயிற்று. திரும்பக் கட்டினார்கள். 253-இல் மறுபடி புயல், 249-இல் படுதோல்வி. கருவூலம் காலி. அப்புறம் வசதியுள்ள குடிமக்கள், ஜெயித்தால் திருப்பித் தந்தால் போதும் என்று தங்கள் பணத்தைப் போட்டு, 200 கப்பல்கள் கட்டினார்கள். 241-இல் போர் முடிந்தது. வலீரியாவுக்கு இப்படி ஒரு கட்டம் வரவே இல்லை. கிஸ்ஸின் படை எவ்வளவு ஒழுங்காக அணிவகுத்து நின்றாலும் வலீரியாவிடம் டிராகன் இருந்தது, அதோடு கதை முடிந்தது. ரோம் தோற்றுத் தோற்று எழுந்தது. என் கணக்கில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

உடனே சண்டைக்கு வராதீர்கள். மன்னர் இல்லாத ஆட்சி, நேரான சாலைகள், அடிமைகள் செத்து விழுந்த சுரங்கங்கள் என்று ஒற்றுமை ஏராளம். எழுச்சியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். நாவலைக் குறைத்தும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நான் பாலிபியஸ் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இதைச் சொன்னாலும் என் அண்ணனுக்குப் புரியாது. "இந்த வயசில் டிராகன் கதையா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் கேட்பார். பள்ளியில் இந்த மூன்று போர்களும் எங்களுக்கு நான்கு வரிதான். அதில் பாதி ஆண்டுகள். யார் ஏன் பணம் போட்டுக் கப்பல் கட்டினார்கள் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நேரம் இருந்தால் பாலிபியஸின் முதல் புத்தகத்தை மட்டுமாவது படியுங்கள். கப்பல் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.