என்.கே செல் ரிப்போர்ட்டை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 33. களுவாஞ்சிகுடிப் பக்கம். இரண்டு தரம் கரு கலைந்துவிட்டது. முதலாவது 7 கிழமையில். இரண்டாவது கடந்த ஓகஸ்டில், 11 கிழமையில். அதற்கு இதயத் துடிப்பும் ஸ்கானில் கண்டோம். இரண்டு தரமும் தானாகத்தான் கரு தங்கியது. கணவர் கட்டாரில். சித்திரை வருடப்பிறப்புக்கு 6 கிழமை லீவில் வருவார். சென்னைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ஏஜென்ட் ஒருவர் இங்கேயே என் இரத்தத்தை எடுத்து அனுப்பினார். ‘என்.கே செல்’ 17 சதவீதம், கூடுதல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் இரத்தமே பிள்ளையை அழிக்கிறதாம். கணவரின் இரத்தத்தில் பிரித்தெடுத்த செல்லை எனக்கு ஊசியாகப் போட்டு, இன்ட்ராலிபிட் சேலைன் ஏற்றி, ஐ.வி.எஃப். (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் முறை) செய்தால் பிள்ளை நிற்கும் என்கிறார். மொத்தம் 18 லட்சம் ரூபாய். மாமாவின் படுவான்கரை வயற்காணியை ஈடு வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவரை குடிக்கச் சொல்லி பிரெட்னிசொலோன் குளிசைக்கு வட்ஸ்அப்பில் துண்டும் அனுப்பியிருக்கிறார். குடிக்கலாமா? காசைக் கட்டலாமா?

பதில்: வேண்டாம், மகள். குளிசையைத் தொடங்காதீர்கள், காசைக் கட்டாதீர்கள், காணிப் பேச்சையும் நிறுத்துங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை கட்டாயம் தேவை. இத்தனை பரிசோதனை செய்த அந்த மனிதர் அதை மட்டும் செய்யவில்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இந்த 17 சதவீதம். என்.கே செல் நம் எல்லோர் இரத்தத்திலும் ஓடுகிற ஒரு வகை வெள்ளணு. வைரஸ் பிடித்த செல்களை அழிப்பது அதன் வேலை. நாலு பிள்ளை பெற்று நல்ல சுகத்தோடு இருக்கும் ஒரு தாயின் இரத்தத்தை எடுத்து எண்ணினாலும் 5 சதவீதம் என்றும் வரும், 20க்கு மேல் என்றும் வரும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து கையை நீட்டினால் கூடும். ஊசியைக் கண்டு பயந்தாலே கூடும். எதற்கு மேல் ‘கூடுதல்’ என்ற கோட்டை லாப்புக்கு லாப் ஒவ்வொரு இடத்தில் போடுகிறார்கள். கருப்பையின் உட்சுவரில் இருப்பது இதே குடும்பத்தில் வேறொரு வகை. அது பிள்ளையை அழிப்பதில்லை. நச்சுக்கொடி பதியும்போது தாயின் இரத்தக் குழாய்கள் அகன்று கொடுக்க உதவுகிறது. கையில் எடுத்த இரத்தத்தை எண்ணிக் கருப்பைக்குள் நடப்பதைச் சொல்வது, கல்லடிப் பாலத்தில் போகும் வாகனங்களை எண்ணி உங்கள் வீட்டு அடுப்படியில் என்ன கறி என்று சொல்வது மாதிரி.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரத்தம் எடுத்த திகதி இருக்கிறது, நேரம் இல்லை. இந்த வகைச் செல்களைப் புது இரத்தத்தில் எண்ண வேண்டும். எத்தனை மணி நேரம் பயணம் செய்த இரத்தம் என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ‘அனுப்பிய வைத்தியர்’ என்ற இடத்தில் வைத்தியர் பெயர் இல்லை. ஒரு கைத்தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

இனி அவர் சொன்ன சிகிச்சைகள். கணவரின் வெள்ளணுவை மனைவிக்கு ஊசியாகப் போடுவது பழைய யோசனை. 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில் அந்த ஊசியால் பலன் கிடைக்கவில்லை. 2002இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஆய்வுக்காக அன்றி இதை யாருக்கும் போடக் கூடாது என்று நிறுத்தியது. இன்னொருவரின் இரத்தச் செல்லை உடம்பில் ஏற்றினால் கிருமித் தொற்று அபாயமும் கூடவே வரும். இன்ட்ராலிபிட் என்பது சோயா எண்ணெயும் முட்டைக் கருவிலிருந்து எடுத்த கொழுப்பும் கலந்த திரவம். வாயால் சாப்பிட முடியாமல் கிடக்கும் நோயாளிக்கு உணவாக ஏற்றுவதற்கென்று செய்தது. அது கருவை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பிரித்தானியாவில் கருத்தரிப்பு நிலையங்களைக் கண்காணிக்கும் அமைப்பு, இந்த நோயெதிர்ப்புச் சிகிச்சைகளுக்குச் சிவப்பு அடையாளம் போட்டிருக்கிறது. நல்லதா கெட்டதா என்ற சந்தேகத்தில் போட்ட அடையாளம் அல்ல அது. பலனைக் குறைக்கலாம் அல்லது தீங்கு வரலாம் என்ற இடத்தில் போடுவது.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை விஷயம் இன்னும் மோசம். அதன் மிக நெருங்கிய உறவான பிரெட்னிசோனை, ஐ.வி.எஃப். திரும்பத் திரும்பத் தோற்ற 715 பெண்களிடம் சீனாவில் 8 நிலையங்களில் சோதித்தார்கள். முடிவு 2022இல் வந்தது. மருந்து குடித்தவர்களில் 37.8 சதவீதத்தினர் உயிருள்ள பிள்ளை பெற்றார்கள். வெறும் மாவுக் குளிசை குடித்தவர்களில் 38.8 சதவீதத்தினர். மாதம் முந்திய பிரசவமோ மருந்து குடித்தவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் பகுதியில், சீனியைக் கூட்டும் இந்தக் குளிசையை வட்ஸ்அப் துண்டில் எழுதிக் கொடுப்பவரை வைத்தியர் என்று நான் சொல்ல மாட்டேன். இதை வாசிக்கும் வேறு யாராவது ஏற்கெனவே சில கிழமையாகக் குடித்துக்கொண்டிருந்தால் பட்டென்று நிறுத்த வேண்டாம். டொக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஐ.வி.எஃப். உங்களுக்கு எதற்கு? கரு தங்காதவர்களுக்குத்தான் அது. உங்களுக்கு இரண்டு தரமும் தானாகத் தங்கியிருக்கிறது.

அந்த ஏஜென்ட் தன் போனில் பிள்ளைகளின் படங்களைக் காட்டியிருப்பார். எல்லோரும் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பொய் இல்லை, தாய்மாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கரு கலைந்து, காரணம் எதுவும் பிடிபடாத பெண்களில் நாலில் மூன்று பேருக்கு, எந்த மருந்தும் இல்லாமல் அன்பான கவனிப்பு மட்டும் கிடைத்தாலே, பிறகு ஒரு பிள்ளை கிடைக்கிறது. இந்தக் கணக்கை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். நூறு பேருக்கு எதையாவது ஏற்றினால் எழுபத்தைந்து படங்கள் கையில் வந்துவிடும். மீதி இருபத்தைந்து பேருக்கு ‘உங்கள் செல் கடுமையானது, இன்னொரு சுற்று வேண்டும்’ என்பார்கள். நகை போய், காணி போய், மூன்றாம் சுற்றுக்குச் சீட்டு எடுத்துக் கட்டியவர்கள் என் அறையில் வந்து அழுதிருக்கிறார்கள். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, ஏறாவூர் என்று ஊர் வித்தியாசம் இல்லை. தமிழ்ப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ, ஏமாற்றுவது ஒரே மாதிரித்தான்.

உங்கள் மூல ரிப்போர்ட்டுகள், ஸ்கான் படங்கள் எதையும் அவர்களிடம் விட்டுவைக்காதீர்கள். பிரதி மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். கணவரின் பாஸ்போர்ட்டை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்வதும் இவர்கள் பழக்கம்.

இப்போது அந்தப் பரிசோதனை. நோயெதிர்ப்புக் குழப்பத்தால் கரு கலைவது அடியோடு பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே ஒன்று இருக்கிறது: அன்டிபொஸ்போலிபிட் நோய். உடம்பு தனக்கே எதிராகச் சில எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கும்; அவை நச்சுக்கொடி சரியாக வளர்வதைக் கெடுக்கும், இரத்தம் கட்டிபடவும் வைக்கும். உங்கள் இரண்டாவது கருவுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். 10 கிழமை கடந்து, துடிப்பு வந்த பிறகு ஒரு கரு போயிருந்தால், அந்த ஒன்றுக்காகவே இந்த நோயைத் தேட வேண்டும்.

தேடும் முறையில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். மூன்று பரிசோதனை: லூபஸ் அன்டிகோகுலன்ட், கார்டியோலிபின் எதிர்ப்பு, பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பு. மூன்றும் வேண்டும், ஒன்றை மட்டும் செய்து ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. கரு கலைந்த உடனே செய்யக் கூடாது. குறைந்தது 6 கிழமை போக வேண்டும். உங்களுக்கு அது போய்விட்டது. முதல் தரம் ‘இருக்கிறது’ என்று வந்தால் அதோடு முடிவு கட்டவும் கூடாது, 12 கிழமை கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். டெங்கு மாதிரி ஒரு காய்ச்சல் வந்து போனாலும் இந்த எதிர்ப்புப் பொருள் கொஞ்சக் காலம் தலை காட்டிவிட்டு மறைந்துவிடும். இரண்டாம் தரமும் நின்றால்தான் நோய். இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கும்போது லூபஸ் பரிசோதனை தப்பான முடிவு காட்டும். இப்படி மொத்தமாகச் சிகிச்சை விற்கும் பக்கேஜ்காரர்கள் எல்லோருக்கும் முதல் வேலையாக ஹெப்பரினைத் தொடங்கிவிடுவார்கள். பிறகு உண்மை என்ன என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

லூபஸ் பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றித் தெளிவைப் பிரித்து, உறைய வைத்துத்தான் தூர இடத்துக்கு அனுப்ப வேண்டும். கையைக் கொடுப்பதற்கு முன் லாப்பில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கே அனுப்புகிறீர்கள், இங்கேயே பிரித்து உறைய வைத்தா அனுப்புகிறீர்கள்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் இரத்தம் கொடுக்காதீர்கள்.

நோய் இருந்தால் சிகிச்சை விலை கூடினது இல்லை. கரு உறுதியானதும் சிறிய அளவு அஸ்பிரினும் தினமும் ஒரு ஹெப்பரின் ஊசியும். 1997இல் வந்த ஓர் ஆய்வில் இந்த நோய் உள்ள பெண்களில், அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதத்தினரும், ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதத்தினரும் பிள்ளை பெற்றார்கள். பிரெட்னிசொலோன் இந்த நோய்க்குக்கூட வழமையான சிகிச்சை அல்ல. நோய் இல்லாதவர் இந்த ஊசியைப் போட்டு ஒரு பயனும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கோபம் வருவது ஏஜென்டில் மட்டும் இல்லை. 11 கிழமைக் கரு கலைந்து வாட்டில் இருந்த ஒரு பெண்ணை, மறுநாள் காலையில் டயக்னோசிஸ் காட்டில் ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தத் திகதியில் எந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று ஒரு மிஸியாவது, ஒரு டொக்டராவது சொல்லியிருந்தால், இந்த ஏஜென்ட் உங்கள் வாசற்படி ஏறியிருக்க மாட்டார். கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுக்க அது காரணமே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்த அன்டிபொஸ்போலிபிட் பரிசோதனைக்குக் கணவர் தேவையில்லை, அதனால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த நவம்பரில் முதல் தரம் செய்தால் பெப்ரவரியில் இரண்டாம் தரமும் முடிந்துவிடும். சித்திரைக்கு முன் விடை கையில் இருக்கும். அதே நாளில் தைரொய்டுக்கு டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சீனி இரண்டையும் பாருங்கள். கருப்பை வடிவம் சரிதானா என்று ஒரு ஸ்கான். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸியிடம் போலிக் அமிலக் குளிசை கேட்டு வாங்கி இப்போதே தொடங்குங்கள், அதற்குக் காசு இல்லை. இரண்டு கருவின் டயக்னோசிஸ் காட்டையும் ஸ்கான் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) கிளினிக்குக்குப் போங்கள். ‘11 கிழமையில் துடிப்போடு இருந்து போனது’ என்ற வசனத்தை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவர்கள் கேட்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தால், கணவர் வரும் 6 கிழமையில் வேறு மருந்து மாயம் எதுவும் இல்லாமல் முயற்சி செய்யுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போய் சிறுநீர்ப் பரிசோதனை சரி என்றால் 7 கிழமை அளவில் ஸ்கானுக்கு வாருங்கள். நோய் இருக்கிறது என்று முன்பே வந்திருந்தால், கரு உறுதியானதும் ஸ்கானுக்காகக் காத்திருக்காமல், அந்தக் கிழமையே கிளினிக்குக்கு வந்து அஸ்பிரினும் ஊசியும் தொடங்க வேண்டும்.