மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்பவரும் பாரசிட்டமாலும்: கேள்வி பதில்

குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, குழித்துறை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, நெடுங்காலம் மருந்துக் கடையில் நின்ற மருந்தாளுநர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, பாரசிட்டமால் இரத்தத்தில் உள்ள அமினோ அமிலம் ஒன்றைத் தின்றுவிடும் என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா?

பதில்: தின்றுவிடும் என்பது மிகை, செலவழிக்கும் என்பதே சரி. புரதத்தைக் கட்டும் கற்கள்தான் அமினோ அமிலங்கள்; மகள் சொன்ன அந்த ஒன்றின் பெயர் சிஸ்டீன். நாம் விழுங்கும் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரானிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் இணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டும் ஒரு நச்சுப்பொருளாக மாறுகிறது. அதைப் பிடித்து அடக்குவது குளூட்டாதயோன். குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்றும் கோத்த சின்னச் சங்கிலி அது. நச்சைப் பற்றிக்கொள்ளும் கை, சிஸ்டீனில் இருக்கும் கந்தக அணுதான். சல்பேட்டுக்கான கந்தகமும் பெரும்பாலும் சிஸ்டீனிலிருந்தே வருவதால், இரண்டு வழியிலும் செலவு அதன் கணக்கில்தான் விழுகிறது. கையிருப்பு தீர்ந்த பிறகு வரும் நச்சு, கல்லீரலின் சொந்தப் புரதங்களிலுள்ள சிஸ்டீனைப் போய்ப் பற்றிக்கொள்ள, கல்லீரலின் உயிரணுக்கள் மடிகின்றன.

கேள்வி: நான் ரப்பர் பால் வெட்டுகிறேன். இடுப்பு வலிக்காக விடியற்காலையில் வெறும் வயிற்றில் 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடுகிறேன். இரவில் மரச்சீனிதான் உணவு.

பதில்: நன்றாக உண்பவருக்கு ஒரு மாத்திரையால் கேடில்லை, ஆனால் நாள்தோறும் வலி இருந்தால் காரணத்தை மருத்துவரிடம் பார்க்க வேண்டும். மரச்சீனியைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அதில் புரதம் மிகக் குறைவு. போதாததற்கு, கிழங்கில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு சயனைடை மாற்றி வெளியேற்றவும் உடல் கந்தகத்தையே செலவிடுகிறது. நம் முன்னோர் மரச்சீனியோடு மீன் குழம்பைச் சேர்த்தது நாக்குக்காகவே என்றாலும், சிஸ்டீன் கணக்கும் அதில் நேராகிவிடுகிறது. மீனோ முட்டையோ வாரத்தில் சில நாளாவது இருக்கட்டும்.

கேள்வி: மாமியாருக்குக் காய்ச்சல். கேரளத்துப் பாறசாலை மருத்துவர் எழுதிய மாத்திரையோடு, மார்த்தாண்டத்தில் வாங்கிய சளி மாத்திரையையும் கொடுக்கலாமா?

பதில்: இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பின்புற எழுத்தைப் படியுங்கள். ஒருமுறை ஓர் அக்கா இப்படி இரண்டு அட்டைகளை என் மேசையில் வைத்தார். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இரண்டிலும் பாரசிட்டமால். ‘இது கேரளத்து மருந்து, அது நம்மூர் மருந்து’ என்றே அவர் எண்ணியிருந்தார். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லா வகையிலும் சேர்த்து 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்த முதியவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் அதற்கும் குறைவே. எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

கேள்வி: தினமும் குடிப்பவருக்கு?

பதில்: ஆபத்து கூடுதல். நாட்பட்ட குடி, நச்சை உண்டாக்கும் நொதியைப் பெருக்குகிறது, குளூட்டாதயோனைக் குறைக்கிறது.

கேள்வி: பாரசிட்டமாலுக்குப் பதில் ஆஸ்பிரின் போடலாமா?

பதில்: காய்ச்சலுக்கு வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை அது மோசமாக்கும்.

கேள்வி: தம்பி கோபத்தில் ஓர் அட்டை மாத்திரையை விழுங்கிவிட்டான்; இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். சிஸ்டீனுக்காக முட்டை கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. இதைப் படித்த கையோடு அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அட்டையையும் எடுத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். முதல் நாள் நன்றாக இருப்பதுதான் இந்த நஞ்சின் வஞ்சகம். கல்லீரல் சிதைவு பின்னால்தான் வெளியே தெரியும். விழுங்கி நான்கு மணி நேரம் கழிந்தபின் எடுக்கும் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, தேவையானால் அசிட்டைல்சிஸ்டீன் கொடுப்பார்கள்; எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. அதுவும் சிஸ்டீன்தான், கல்லீரலுக்கு விரைந்து போய்ச் சேரும் வடிவில். வாய்வழியாகக் கொடுத்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். கெட்டுப்போன மருந்து என்று தம்பி முகம் சுளித்தால், அது கந்தகத்தின் வாடை என்று சொல்லிக் குடிக்க வையுங்கள்.