குப்பை கொட்டின கதைக்குப் பேரு நன்றிப் பாட்டா?

கேள்வி: போன நவம்பர்ல நியூஜெர்சில மாப்பிள்ளை வீட்ல இருந்தேன். தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு ரேடியோல நன்றிப் பாட்டா வரிசையா போட்டாங்க. மேஜை நிறைய சாப்பாடு, வான்கோழி ஒரு பக்கம், நமக்குன்னு வத்தக்குழம்பு, அவியல், பாயசம்னு இன்னொரு பக்கம். கேட்டுக்கிட்டே மாப்பிள்ளையும் அவரோட ஆபீஸ் நண்பர்களும் பெரிய சண்டை, பாதிப் பாட்டுல நன்றியே இல்லைன்னு. ஒருத்தர் குப்பை கொட்டி போலீஸ்ல மாட்டின கதைய பதினெட்டு நிமிஷம் சொல்றார், இதுவா நன்றி? இருந்தாலும் அவங்க ஒரு நாள் ஒதுக்கி நன்றி சொல்றாங்க. நாம வீட்ல யாருக்கும் தேங்க்ஸே சொல்றதில்ல. நமக்கும் இப்படி ஒரு நாள் வேணாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பீளமேடு, கோவை

பதில்: முதல்ல ரேடியோக்காரங்க மேல கொஞ்சம் இரக்கப்படுங்க சார். கிறிஸ்துமஸுக்குப் பாட்டு குவிஞ்சு கிடக்கு, அங்க நிறைய ஸ்டேஷன்ல நவம்பர் பாதிலயே கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மாறிடுவாங்க. தேங்க்ஸ்கிவிங்குக்குன்னு பாட்டு ரொம்ப கம்மி. லிடியா மரியா சைல்டுன்னு ஒரு அம்மா, அடிமை முறைய எதிர்த்து எழுதினவங்க, ஆத்தைத் தாண்டி தாத்தா வீட்டுக்குப் போற குழந்தைப் பாட்டு ஒண்ணு 1844ல எழுதினாங்க, அது தேங்க்ஸ்கிவிங்குக்குன்னே எழுதினது, இப்ப அதையும் கிறிஸ்துமஸ்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் பாவம் அந்த ஆர்.ஜே. என்ன பண்ணுவார், தலைப்புல தேங்க் யூன்னு இருக்கிறத எல்லாம் பொறுக்கி எடுத்து ஒரு மணி நேரத்த ஓட்ட வேண்டியதுதான். ஸ்லை ஸ்டோன்னு ஒரு அமெரிக்கப் பாடகரோட கோஷ்டி 1969ல போட்ட தேங்க் யூ பாட்டு இப்படித்தான் உள்ள வந்துடும், கேட்டா ஆட்டம் போட வைக்கும், ஆனா வரிகள்ல துப்பாக்கியோட நிக்கிற சாத்தான், ஓட்டம், மல்லுக்கட்டு, அதுல இருக்கிற நன்றி நாம "ரொம்ப சந்தோஷம்பா, நல்லா இரு"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்வோமே அந்த ரகம். அலானிஸ் மோரிசெட்னு ஒரு கனடா பாடகி 1998ல பாடினது இன்னொண்ணு. அந்தம்மா இந்தியாவுக்கு வந்து சுத்திட்டுப் போய் எழுதின பாட்டு, அதுல நம்ம நாட்டுக்கும் தேங்க்ஸ், பயத்துக்கும் ஏமாற்றத்துக்கும் தேங்க்ஸ். உங்க மாப்பிள்ளை அதையும் நன்றிப் பாட்டு இல்லைன்னு லிஸ்ட்லேர்ந்து அடிச்சிருப்பார்னு நினைக்கிறேன்.

அந்தக் குப்பைக் கதைக்கு வருவோம், ஏன்னா அதுலதான் நீங்க கோட்டை விட்டீங்க. ஆர்லோ கத்ரின்னு ஒரு அமெரிக்கப் பாடகர் பாடினது, ஆலிஸ்'ஸ் ரெஸ்டாரண்ட்னு பேரு, 1967ல வந்தது, பாடினதுன்னு சொல்றத விட கிடாரைத் தட்டிக்கிட்டே பேசினதுன்னு சொல்லலாம், நம்ம ஊர் கதாகாலட்சேபம் மாதிரி. 1965 தேங்க்ஸ்கிவிங்குக்கு மாசாசூசெட்ஸ்ல ஆலிஸ் ப்ராக்னு ஒரு அம்மா, இந்தப் பையன் படிச்ச ஸ்கூல்ல லைப்ரரியனா இருந்தவங்க, வழிபாடு நின்னுபோன ஒரு பழைய சர்ச்ச வீடாக்கிக் குடியிருந்தாங்க, பசங்களை எல்லாம் கூப்பிட்டு வயிறு நிறைய சாப்பாடு போட்டாங்க. சாப்பிட்ட பய சும்மா போகலாமா, 18 வயசு, ஏதாவது உதவி பண்ணுவோம்னு அந்த வீட்ல சேர்ந்து கிடந்த குப்பைய எல்லாம் வண்டில ஏத்திக்கிட்டு கூட்டாளியோட கிளம்பறான், குப்பைமேடு லீவுன்னு பூட்டிக் கிடக்கு, ஒரு சரிவுல தள்ளிவிட்டுட்டு வந்துடறான். போலீஸ் புடிச்சு ஆளுக்கு 25 டாலர் அபராதம், குப்பையையும் திரும்ப அள்ளணும். பாட்டுல கதை இதோட நிக்காது, அப்புறம் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ்ல போய் நிக்கிறான், அங்க கேக்கிறாங்க, குப்பை கொட்டினியே, அதுக்கு அப்புறம் திருந்திட்டியான்னு. அதாவது ஊரைக் கொளுத்தப் போறதுக்கு ஒழுக்கம் பத்தலையாம்.

நியூயார்க்ல டபிள்யூ.பி.ஏ.ஐ.ன்னு நேயர்கள் குடுக்கிற காசுல ஓடற ஸ்டேஷன், அங்கதான் இது முதல்ல பிரபலமாச்சு, யாராவது நல்ல தொகை குடுத்தாத்தான் திரும்பப் போடுவோம்னு சொல்லி நிதி சேர்த்திருக்காங்க, சில நேரம் நிறுத்தறதுக்கும் காசு கேட்டாங்களாம் (இந்த ஐடியாவ நம்ம ஊர் கல்யாண மண்டப லவுட்ஸ்பீக்கருக்கு யாராவது எடுத்துக்கலாம்). இன்னைக்கும் நிறைய ஸ்டேஷன்ல தேங்க்ஸ்கிவிங் மதியம் இது வராம இருக்காது. அதுல நன்றிங்கிற வார்த்தையத் தேடினா கிடைக்காது சார். ஒருத்தி சோறு போட்டா, அதுக்குக் கைம்மாறா ஒருத்தன் அவ வீட்டுக் குப்பைய அள்ளினான், அதான் மொத்தமும்.

வள்ளுவர் "செய்ந்நன்றி அறிதல்"னுதான் அதிகாரத்துக்குப் பேர் வச்சார், "சொல்லுதல்"னு வைக்கல. அவர் சொல்ற நன்றிக்கு அர்த்தமே செஞ்ச உதவி, அத மறக்காதேங்கிறார். வாயால தேங்க்ஸ் சொல்றது நாம பின்னாடி புடிச்சுக்கிட்ட பழக்கம். அதனால வீட்ல தேங்க்ஸ் சொல்றதில்லையேன்னு ரொம்ப வருத்தப்படாதீங்க, ஆனா அதையே சாக்கா வச்சுத் தப்பிக்கவும் விடமாட்டேன், அதுக்குக் கடைசில வர்றேன்.

சொல்லிச் சொல்லியே அழவைக்கிற பாட்டும் இல்லாம இல்ல. சிலி நாட்டு வியோலெட்டா பார்ரா, வாழ்க்கைக்கு நன்றின்னு ஒரு பாட்டு, கண்ணுக்கு, காதுக்கு, சோர்ந்துபோன காலுக்கு, சிரிப்புக்கு, அழுகைக்குன்னு வரிசையா போகும், 1966ல வந்தது. 1967 பிப்ரவரில அவங்க தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. அன்னைக்கு ரேடியோல இது வந்திருந்தா உங்க மேஜைல சண்டை நின்னிருக்கும், சாப்பாடும் நின்னிருக்கும்.

நமக்கும் ஒரு நாள் வேணும்கிறீங்க. அந்த நாளோட கதையத் தெரிஞ்சுக்கோங்க. லிங்கன் 1863ல உள்நாட்டுப் போர் நடுவுல நவம்பர் கடைசி வியாழன்னு அறிவிச்சார், சரி. 1939ல ரூஸ்வெல்ட், கடைக்காரங்களுக்குக் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் பத்தலைன்னு ஒரு வாரம் முன்னாடி இழுத்து வச்சார், கிட்டத்தட்ட பாதி மாநிலம் முடியாதுன்னுடுச்சு, ஒரே நாட்டுல ரெண்டு நன்றி நாள். 1941ல சட்டம் போட்டு நாலாவது வியாழன்னு முடிச்சாங்க. அந்த மண்ணோட பூர்வகுடிங்க 1970லேர்ந்து அதே நாள்ல, வெள்ளைக்காரங்க வந்து குடியேறின பிளிமத் ஊர்ல கூடி துக்கம் அனுசரிக்கிறாங்க. நாம ஒரு நாள் வச்சா முதல்ல துணிக்கடை விளம்பரம்தான் வரும், ஆள விடுங்க.

கடைசியா ஒண்ணு. ஆலிஸ் ப்ராக் 2024ல, நன்றி நாளுக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி, 83 வயசுல காலமானாங்க. அவங்க பேர்ல இருக்கிற பாட்டுல அவங்களைப் பத்தி வர்றது கொஞ்சம்தான், போலீஸும் ஜட்ஜும் ராணுவமும்தான் ஜாஸ்தி. உங்க லெட்டரையும் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். மாப்பிள்ளை இருக்கார், அவர் நண்பர்கள் இருக்காங்க, வான்கோழி இருக்கு. அன்னைக்கு அந்த வத்தக்குழம்பும் அவியலும் பாயசமும் வச்சது யாருங்க? உங்க பொண்ணா?