வெனிஸில் புகைப்பட வழிகாட்டியுடன் நடப்பது காசுக்குத் தகுமா?

கேள்வி: மே மாத நடுவில் கணவருடன் வெனிஸில் இரண்டு இரவு தங்குகிறோம். புகைப்படக் கலைஞர் ஒருவரே வழிகாட்டியாகக் கூட வரும் நடைச் சுற்றுலாக்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. காசுக்குத் தகுமா? எல்லா இடமும் கூகுள் மேப்பிலேயே இருக்கிறதே? என்னிடம் சாதாரண மிரர்லெஸ் கேமராவும் மொபைலும்தான் இருக்கின்றன, போதுமா?

பதில்:

தகும், விடிவதற்கு முன்பே தொடங்குவதாக இருந்தால். கூட்டிப் போவது நாலைந்து பேரை மட்டும் என்றால். நீங்கள் போய் இறங்கிய மறுநாள் காலையே என்றால். இந்த மூன்றும் அமையாவிட்டால், அந்தப் பணத்தில் ரியால்டோ பக்கம் நல்ல மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நீங்களே சுற்றலாம்.

மேப்பில் எல்லா இடமும் இருப்பது உண்மைதான். ரியால்டோ பாலத்தையோ பெருமூச்சுப் பாலத்தையோ காட்ட ஆள் வேண்டாம். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்தக் கால்வாயில் எப்போது படகு ஓட்டம் குறைந்து தண்ணீர் அடங்கும், எந்தப் பாலத்தின் எந்தப் படியில் நின்றால் பின்னால் வருபவருக்கு இடைஞ்சல் இராது என்பதெல்லாம் மேப்பில் இல்லை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘போட்டோ டூர்’ என்ற ஒரே பெயரில் அங்கே மூன்று விதமான சரக்கு விற்கிறார்கள். ஒன்று, உங்களைப் படம் எடுத்துத் தருவது: நீங்களும் கணவரும் கோண்டோலா படகின் பின்னணியில் நிற்பீர்கள், அப்புறம் படங்களை மெருகேற்றி அனுப்புவார்கள். இரண்டாவது, கார்னிவல் சமயத்தில் நடக்கும் பல நாள் பயிலரங்கு. முகமூடியும் பட்டு அங்கியும் அணிந்தவர்கள் சான் சக்காரியா தேவாலயத்துக்கு முன்னால் நிற்க, சுற்றி கேமராக்கள் மொய்க்கும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை, எப்படியும் மே மாதத்தில் அது கிடையாது. மூன்றாவது, இரண்டு மூன்று மணி நேரம் உங்களோடு நடந்து, உங்கள் கேமராவில் நீங்களே எடுக்கச் சொல்லித்தருவது. நான் பேசுவது இதைப் பற்றி. முன்பதிவு செய்யும் முன் விவரத்தை முழுக்கப் படியுங்கள், தலைப்பை நம்பாதீர்கள்.

நான் போனது நவம்பரில். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்த ஊரிலேயே வளர்ந்த பெண்மணி. நீங்கள் போகும் மே நடுவில் அங்கே சூரியன் காலை 5.40 வாக்கில் எழும். அப்படியென்றால் ஐந்து மணிக்கே சான் மார்கோ படகுத்துறையில் நிற்க வேண்டும். விடுமுறையில் இது கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது, பத்து மணிக்கு மேல் பகல் பயணிகள் ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்கிவிடுவார்கள். அந்தப் பழைய நகரத்தில் நிரந்தரமாக வசிப்பவர்கள் 2022-லேயே 50,000-க்குக் கீழே போய்விட்டார்கள். அதனால் விடிகாலையில் ஊரே காலி. குப்பைப் படகு, காய்கறி ஏற்றிய சரக்குப் படகு, நாயோடு நடக்கும் ஒருவர், அவ்வளவுதான்.

படகுத்துறையில் நீலப் படுதா போர்த்திய கோண்டோலாக்கள் வரிசையாகக் கட்டியிருக்கும். பின்னால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பல்லாடியோ வடிவமைத்த சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தேவாலயம். நீங்கள் நூறு முறை பார்த்திருக்கும் படம்தான் இது. ஷட்டரை இருபது வினாடி திறந்து வைத்தால் கம்பங்கள் அசையாமல் நிற்க, கோண்டோலாக்கள் மட்டும் ஆடி மங்கலாகும். இதற்கு ட்ரைபாட் வேண்டும், அதையும் கல்தரையில் ஊன்ற வேண்டும். பக்கத்திலிருந்த வாப்பொரெட்டோ நிறுத்தத்தில் ஒருவர் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் படகுப் பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் மிதவைகள். நின்றால் நமக்கே தெரியாத ஆட்டம் இருபது வினாடிப் படத்தில் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. அந்தத் தேவாலயம் படகுத்துறைக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் ஏறக்குறைய அந்தப் பக்கமாகவே எழும், எங்களுக்கு அது வாய்த்தது. மே மாதத்தில் எழுவது வடகிழக்கில். இணையத்தில் பார்த்த சூரியோதயப் படம் உங்களுக்குக் கிடைக்காது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சூரியன் வருவதற்கு முந்தைய அந்த அரை மணி நேர நீல வெளிச்சம்தான் உங்களுக்கானது. பதிலுக்கு மே மாத மாலையில் வேறொன்று கிடைக்கும்: அக்காதெமியா மரப்பாலத்தில் ஏறிக் கிழக்கே பார்த்தால் மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். கிராண்ட் கால்வாயின் மாளிகைகளும், 1630 கொள்ளைநோய்க்குப் பிறகு நேர்த்திக்கடனாகக் கட்டிய சாந்தா மரியா தெல்லா சலூத்தேயின் குவிமாடங்களும் பொன்னாகத் தெரியும். அதற்கு வழிகாட்டி வேண்டாம். முக்கால் மணி நேரம் முன்னால் போய்க் கைப்பிடியோரம் இடம் பிடித்தால் போதும்.

(படகுத்துறையை ஒட்டி மார்ச்சானா நூலகம் இருக்கிறது. வெனிஸில் பிறந்து, முகலாயர்களிடம் வேலை பார்த்து, கடைசிக் காலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்த நிக்கோலாவோ மனூச்சியின் கையெழுத்துப் படிகள் சில அங்கேதான் இருக்கின்றன. எங்கள் வழிகாட்டிக்கு அவரைத் தெரியாது. நாங்கள் சொல்லிக்கொடுத்தோம், கட்டணத்தில் கழிக்கவில்லை.)

கொடுத்த காசு எனக்குத் திரும்பக் கிடைத்தது காஸ்தெல்லோ பகுதியில், பெயர் தெரியாத ஒரு சின்னக் கால்வாயில். பத்து மணி வெயில், இனிமேல் படம் தேறாது என்று கேமராவை மூடும் நேரம். வழிகாட்டி எங்களை ஒரு படித்துறையில் குந்த வைத்து, கட்டடங்களை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்க்கச் சொன்னார். கால்வாய் குறுகல் என்பதால் தண்ணீர் முழுக்க நிழலில் இருந்தது. எதிர்ச் சுவரின் மேல்பாதியில் மட்டும் கடும் வெயில். நிழலில் கிடக்கும் தண்ணீரில் தன் நிறம் எதுவும் தெரியாமல், வெயில் பட்ட அந்தச் செங்காவிச் சுவர் மட்டுமே தெரியும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்ததும் பச்சைத் தண்ணீர் மறைந்து, திரையில் ஆரஞ்சும் கருநீலமுமாக நெளிந்தது. ஷட்டர் 1/500 வினாடி வைத்தால் ஒவ்வொரு நெளிவும் விளிம்போடு நிற்கும், 1/4-க்கு இறக்கினால் எல்லாம் இழைந்து வழியும். என் போலரைசர் ஃபில்டரை அவரே கழற்றிக் கையில் கொடுத்தார்: அது செய்வதே பிரதிபலிப்பைக் குறைப்பதுதான், இங்கே நமக்கு வேண்டியதே பிரதிபலிப்பு. ஒரு படகு போனால் உடனே எடுக்கக் கூடாது. பெரிய அலைகள் சுவரில் மோதித் திரும்பி, சிறு நெளிவுகளாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். தனியாகப் போயிருந்தால் அடுத்த இடம், அடுத்த இடம் என்று ஓடியிருப்பேன்.

அடுத்தது கோணல் பிரச்சினை. வெனிஸில் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து நிமிர்த்த முயன்றவர்களுக்கு இது தெரியும். எதை வைத்து நிமிர்த்துவது? கோண்டோலாவே கோணல். ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். வலப்பக்கம் மட்டும் ஒற்றைத் துடுப்புப் போட்டும் அது நேராகப் போவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். சரி, கோபுரத்தை வைத்து நிமிர்த்தலாம் என்றால் சாந்தோ ஸ்தெஃபானோ மணிக்கூண்டும் சான் ஜோர்ஜோ தேய் கிரேச்சி மணிக்கூண்டும் சாய்ந்தே நிற்கின்றன. வீட்டுச் சுவர்களும் அப்படித்தான். கால்வாய்க் கரைக்கோடு படத்தில் சரிவாகத் தெரிவது இயல்பு, அதையும் நம்ப முடியாது. வழிகாட்டி சொன்ன வழி எளிது: ஒரு விளக்கு, தண்ணீரில் தெரியும் அதன் பிரதிபலிப்பு. கேமராவை மேலும் கீழும் சாய்க்காமல் பிடித்திருந்தால் இவை இரண்டும் எப்போதும் ஒரே செங்குத்துக் கோட்டில்தான் வரும். அந்தக் கோட்டை நிமிர்த்தினால் போதும், கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவே சாய்ந்து நிற்கும். எந்தக் கையேட்டிலும் நான் இதைப் படித்ததில்லை.

ஓதத்தைப் பற்றிக் கொஞ்சம். அங்கே நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும். இறங்கும்போது படிகளில் பச்சைப் பாசி தெரியும், அதற்கும் ஓர் அழகு உண்டு, கால் வைத்தால் மட்டும் வழுக்கும். சான் மார்கோ சதுக்கத்தில் தண்ணீர் நின்று தேவாலயம் தலைகீழாகத் தெரியும் படங்கள் பெரும்பாலும் இலையுதிர், குளிர்காலங்களில் எடுத்தவை. 2019 நவம்பர் 12 அன்று ஓத அளவுகோலில் 187 செ.மீ. தொட்டு ஊரைச் சூறையாடியது. 2020 அக்டோபரில் இருந்து மோசே என்ற தடுப்பு இயங்குகிறது: கடல் உள்ளே வரும் மூன்று வாய்களிலும் சேர்த்து 78 கதவுகள். ஆனால் 110 செ.மீ. வரும் என்று எதிர்பார்த்தால்தான் பொதுவாக அதை உயர்த்துவார்கள். சதுக்கத்தின் தாழ்ந்த பகுதியோ அதற்கு வெகு முன்பே நனைய ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் இந்தக் கணக்கு உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது, இருந்தாலும் நகராட்சியின் ஓத முன்னறிவிப்பைக் காலையில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பெய்த மழையில் தேங்கிய குட்டையே சில நேரம் போதும். மொபைலைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸைத் தரையோடு ஒட்டி வைத்தால் கையகலக் குட்டை ஏரியாகிவிடும்.

ரியால்டோ மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரை காலையில்தான். ஞாயிறு, திங்கள் போனால் வெறும் தூண்களைத்தான் பார்க்கலாம். சிவப்புப் படுதாக்கள் தொங்கும் இடத்தில் மனிதர்களின் முகமும் மீனும் சிவந்து வரும், கேமராவின் நிறத் திருத்தமான ஒயிட் பேலன்ஸைக் கையால் வையுங்கள். வியாபாரிகளைக் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் பெரும்பாலும் சிரிப்பார்கள். அங்கிருந்து எதிர்க்கரைக்கு ட்ரகெட்டோ போகிறது: கிராண்ட் கால்வாயைக் குறுக்கே கடக்கும் பொதுக் கோண்டோலா, வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. அரை மணி நேரக் கோண்டோலா சவாரிக்குப் பகலில் 90 யூரோ என்பதை நினைத்தால், தண்ணீர் மட்டத்திலிருந்து படம் எடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது. புரானோவின் வண்ண வீடுகளையும் சேர்த்த சுற்றுலாக்கள் விற்கிறார்கள். ஃபோந்தமெந்தே நோவேயிலிருந்து 12-ஆம் எண் படகில் முக்கால் மணி நேரம். எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் வரும் தீவுக்கு வழிகாட்டி எதற்கு?

முன்பதிவுக்கு முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்குத் தொடக்கம், அதிகபட்சம் எத்தனை பேர், மழை வந்தால் ரத்தா. மழையில் நடப்பேன் என்று சொல்பவரை எடுத்துக்கொள்ளுங்கள், ஈரக் கல்தரை இரவு விளக்கில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அவர். வழிகாட்டி உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டிக்கு அது வேண்டும். 2024 கோடையிலிருந்து 25 பேருக்கு மேல் குழுவாகப் போகவும் ஒலிபெருக்கி வைத்துப் பேசவும் தடை. ஆனால் படம் எடுக்க 25 பேரே மிக அதிகம், எட்டுப் பேர் வந்தாலே சின்னப் பாலம் அடைத்துவிடும்.

தங்குவது தீவுக்குள்ளேயே இருக்கட்டும். பெருநிலப் பக்கம் இருக்கும் மேஸ்த்ரேயில் அறை மலிவு, ஆனால் அங்கிருந்து பாலம் தாண்டி பியாத்சாலே ரோமா பேருந்து நிலையம் வந்து, பிறகு சான் மார்கோவுக்கு நடந்தோ படகிலோ போய்ச் சேர வேண்டும். ஐந்து மணிக்கு இது பெரும்பாடு. 2024 முதல் குறிப்பிட்ட சில நாள்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அதற்கான விலக்கை இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். உங்கள் தேதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேமரா போதுமா என்றால், தாராளமாகப் போதும். 24-70 மி.மீ. ஜூம் மாதிரி ஒரு லென்ஸ், சின்ன ட்ரைபாட், ஒரு உபரி பேட்டரி. தொலைவு லென்ஸ் இருந்தால் அக்காதெமியா பாலத்தில் பயன்படும், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள், அனுமதி இல்லாமல் அந்த ஊரின் மேல் பறக்கவிட முடியாது. மொபைல் மட்டும் கொண்டுவரும் கணவருக்கும் அந்த நடை வீணாகாது. எங்கள் குழுவில் ஒருவர் மொபைலோடுதான் வந்தார். அந்தக் கால்வாய்த் தண்ணீரை அவர் எடுத்த படம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தார், அவ்வளவுதான் செய்தார்.