‘கோ ஆஃப்’ என்றால் அடிப்பதா, அணைவதா?

"லைட் வென்ட் ஆஃப் என்றால் விளக்கு அணைந்தது, அலாரம் வென்ட் ஆஃப் என்றால் மட்டும் அலாரம் அடித்தது. ஒரே சொல்லுக்கு எப்படி எதிரெதிர் அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் தடுமாறியவன்தான்.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். முதல் வேலை ஒரு தொழிற்சாலையில், இரவு ஷிப்ட். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் போனில் "தி அலாரம் வென்ட் ஆஃப் அட் டூ" என்றார். எங்கள் ஊரில் ஆஃப் என்றால் நிறுத்துவதுதான்: மோட்டாரை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணு. "2 மணிக்கு அலாரம் நின்றது" என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். அடுத்த ஷிப்ட்காரர்கள் அதை நம்பி, அது ஏன் அடித்தது என்று பார்க்காமலே விட்டுவிட்டார்கள். விடிவதற்குள் மெஷின் நின்றுவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான், முக்கால்வாசி அர்த்தம் நம் ‘போச்சு’விலேயே இருப்பது தெரிந்தது. கரண்ட் போச்சு. பால் கெட்டுப் போச்சு (பாலுக்கு ‘வென்ட் ஆஃப்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்கள் ‘வென்ட் பேட்’ என்பார்கள்). குழந்தை தூங்கிப் போச்சு. கும்பகோணம் டிகிரி காபியே பிடிக்காமல் போச்சு. கல்யாணம் நல்லபடியாகப் போச்சு. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘வென்ட் ஆஃப்’ சொல்லலாம். கல்யாணத்துக்கு மட்டும் ‘வெல்’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அலாரம்தான் இதில் அடங்காது. அலாரம் போச்சு என்றால் நமக்கு அது ரிப்பேர். பழைய ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ (off), ‘ஆவ்’ (of) இரண்டும் ஒரே சொல், ‘ஒன்றை விட்டு விலகி’ என்று பொருள். சாவி கொடுக்கிற பழைய அலாரம் கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். முறுக்கிய ஸ்பிரிங்கை ஒரு கொக்கி பிடித்து வைத்திருக்கும். நேரம் வந்ததும் கொக்கி விடும், சுத்தி மணியை அடிக்கும். துப்பாக்கியிலும் விசையை இழுத்தால் இதேதான் நடக்கிறது.

நம் ஊரில் இதை மதகில் பார்க்கலாம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து ஷட்டரைத் தூக்கும்போது, அதுவரை முட்டிக்கொண்டு நின்றது ஒரே பாய்ச்சலாகக் கிளம்பும். அலாரமும் வெடிகுண்டும் ‘கோ ஆஃப்’ ஆவதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கட்டி வைத்தது பிடி விட்டுப் போகிறது. விளக்கு விஷயத்தில் வெளிச்சமே நம்மை விட்டுப் போகிறது.

நாம் கையால் நிறுத்தினால் அது ‘டர்ன் ஆஃப்’. "தி அலாரம் வென்ட் ஆஃப், சோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்": அடித்தது, அதனால் நிறுத்தினேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள், போதும். ரிப்போர்ட்டில் மட்டும் நான் இன்றும் ‘கோ ஆஃப்’ எழுதுவதில்லை. அடித்தால் ‘சவுண்டட்’, நின்றால் ‘ஸ்டாப்டு’.