டுவா விழுந்தபோது கொடி எங்கே போனது?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கை முரட்டுத்தனமாகத் தாக்கினால் நடுவர் கொடி வீசித் தண்டனை கொடுக்கிறார். தலையில் அடிபட்டு வாழ்க்கையே வீணாகிப்போன ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் காப்பாற்றும் விதியைப் போய்க் குறை சொல்பவர்கள், ரத்தம் பார்க்க ஆசைப்படுபவர்கள்தானே?

பதில்: இல்லை. பந்தை எறியக் கையை ஓங்கி நிற்பவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது, அவருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும், இதில் நமக்குள் சண்டையே கிடையாது. தலையில் மோதினாலோ முழங்காலில் பாய்ந்தாலோ தாராளமாகக் கொடி வீசட்டும். 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே பிரபல குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்கால் போனது, அதற்குப் பிறகு விதியை இறுக்கினார்கள், நல்ல காரியம். என் கோபம் வேறு.

2022 செப்டம்பர் 29, சின்சினாட்டி. மயாமி அணியின் குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவாவை எதிரணியின் ஜாஷ் டூப்போ பிடித்துச் சுழற்றித் தரையில் போட்டார். தலை மோதியதும் டுவாவின் விரல்கள் முகத்துக்கு நேரே விறைத்துக்கொண்டதைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். கொடி விழவில்லை. அப்புறம் பத்தே நாளில் டாம்பாவில் ஒரு ஆட்டம்: 21-0 என்று பின்தங்கிக் கிடந்த அட்லாண்டா அணி விடாமல் துரத்தி 21-15 வரை வந்துவிட்டது, இன்னும் மூன்று நிமிடம்போல பாக்கி, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) அட்லாண்டாவின் கிரேடி ஜாரெட் அதேபோல டாம்பாவுக்கு ஆடிய பிரேடியைப் பிடித்துச் சுழற்றி வீழ்த்துகிறார், பிரேடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜாரெட்டைக் காலால் உதைக்கக்கூடப் பார்த்தார் (அதற்குப் பிறகு லீக் அபராதம் போட்டது), ஆனால் கொடி விழுந்தது ஜாரெட் மேல். தேவையில்லாமல் தரையில் தள்ளினார் என்று நடுவர் ஜெரோம் போகர் விளக்கம் சொன்னார். 15 யார்டு, கூடவே ஒரு ஃபர்ஸ்ட் டவுன், அதாவது நான்கு வாய்ப்பும் புதிதாகக் கிடைத்துப் பந்து டாம்பாவிடமே தங்கியது, ஆட்டம் அங்கேயே முடிந்துபோனது. மறுநாள் இரவே கான்சஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸ், எதிரணி குவார்ட்டர்பேக் டெரக் காரிடமிருந்து பந்தைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டே விழுந்தார், அவருக்கும் கொடி. பந்து அவர் கையில் இருக்கும்போது காரை எப்படி ‘பந்து எறிபவர்’ என்று சொல்வது?

நடுவர்கள் பிரேடிக்கு விலைபோனார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கோளாறு விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் தண்டனை கொடு என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு நடுவருக்குச் சந்தேகம் வரும், இன்னொருவருக்கு வராது, ஆனால் வந்துவிட்டால் போடும் தண்டனை எலும்பை முறிக்கும் அடிக்கும் சாதாரணத் தள்ளலுக்கும் ஒன்றேதான். பந்தை உதைக்கும் கிக்கர் விஷயத்தில் மட்டும் லேசாக இடித்தால் 5 யார்டு, முரட்டுத்தனமாக மோதினால் 15 என்று பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் புத்தி குவார்ட்டர்பேக் விஷயத்தில் ஏன் வரவில்லை?

இன்னொன்றையும் யோசியுங்கள். 2018-இல், மேலே விழும்போது முழு உடல் எடையையும் குவார்ட்டர்பேக் மேல் போடக்கூடாது என்று கெடுபிடி வந்தது. மயாமியின் வில்லியம் ஹேஸ், அதே டெரக் காரை வீழ்த்தும்போது அவர் மேல் எடை விழாமல் விலகப் பார்த்து, தன் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். அந்த சீசனின் மிச்சம் முழுக்கப் போனது. அவருடையதும் உடம்புதானே? பாதுகாப்பு என்றால் இவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இந்தத் தண்டனையை வீடியோவில் மறுபார்வை பார்க்கப் பயிற்சியாளர் கேட்கலாம் என்று 2023-இல் ராம்ஸ் அணி முன்மொழிந்தது. அணி உரிமையாளர்கள் போதிய ஓட்டுப் போடவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், 5, 15 என்று தண்டனையையும் பிரியுங்கள் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கு ரத்தவெறி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.